பழைய கம்ப்யூட்டரும் பூஜ்யம் பைட்டு ஃபைலும்: உங்க கட்டுரைக்கு ஒரு கடுதாசி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் ஊரு பக்கத்துல சின்னதா ஒரு டிடிபி கடை வச்சு நடத்துறேன் சார். கல்யாணக் கார்டு, ஞானஸ்நானக் கார்டு, கோயில் கொடை நோட்டீஸ், செத்த வீட்டு போஸ்டர் எல்லாம் நம்மகிட்ட அடிப்பாங்க. உங்க பேப்பர் ரொம்ப வருசமா கடைக்கு வருது, புரூஃப் எடுத்துக் குடுக்குற வரைக்கும் வந்தவங்க அதைத்தான் புரட்டிட்டு இருப்பாங்க. போன வாரம் தொழில்நுட்பப் பக்கத்துல ஒரு கட்டுரை வந்துச்சு. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓட மைக்ரோசாஃப்ட் சப்போர்ட்டை நிறுத்திட்டாங்க, 11 ஏறாத மிஷினை வச்சுக்கிட்டு கஷ்டப்படாதீங்க, வேற சிஸ்டம் போடலாம்னு எவனாவது சொன்னா கேக்காதீங்க, அதுக்கெல்லாம் ஒழுங்கான பேக்கப் (ஃபைலை இன்னொரு பிரதி எடுத்து வைக்குற) சாஃப்ட்வேரே கிடையாது, பழைய இரும்புக்கடையில போட்டுட்டு புதுசு வாங்குங்கன்னு.

கிடையாதுன்னு எழுதினது சுத்தத் தப்பு சார். அமெரிக்காவுல மேரிலாண்ட் யுனிவர்சிட்டியில அமாண்டான்னு ஒரு பேக்கப் சாஃப்ட்வேர் 1991-லயே வந்தாச்சு, ஆர்சிங்க் 1996-ல வந்தாச்சு, ரெண்டுமே ஓபன் சோர்ஸ், அதாவது உள்ள எழுதியிருக்கிற கோடை யாரும் பாக்கலாம், ரெண்டுமே விண்டோஸுக்காக எழுதினது இல்ல. ஆனா எழுதினவர் தெரியாமலே ஒரு பள்ளத்துக்குப் பக்கத்துல காலை வச்சிட்டார், அந்தப் பள்ளத்துல நான் நெஜமாவே விழுந்து எழும்பினவன். அதனாலதான் கார்டு சீசன்லயும் உக்காந்து இவ்வளவு நீளமா எழுதுறேன், இடம் இல்லைன்னா வெட்டிப் போடுங்க, ஆனா நடுவுல வர்ற பூஜ்யம் பைட்டு கதையை மட்டும் வெட்டிராதீங்க.

எனக்கு பேக்கப் பைத்தியம் புடிச்சது ஓக்கி புயல்ல. 2017 நவம்பர் 30. நம்ம மாவட்டத்துக்காரங்களுக்கு அந்தத் தேதியைச் சொல்லித் தர வேண்டியதில்ல. கடலுக்குப் போன எத்தனையோ பேர் திரும்பி வரல, அதுக்கு முன்னால என் கடை கதை எல்லாம் ஒரு கதையே இல்ல, இருந்தாலும் சொல்றேன். ராத்திரி அடிச்ச காத்துல கடை ஓடு பறந்து மழை முழுக்க உள்ள. கம்ப்யூட்டர் மேசை மேல, பேக்கப் எடுத்து வச்ச ஹார்ட் டிஸ்க் அதே மேசையோட டிராயர்ல. ரெண்டும் ஒண்ணா நனஞ்சது. கரண்டு வர பல நாள் ஆச்சு, வந்த பொறவு ரெண்டையும் மாட்டிப் பாத்தேன், ஒண்ணு கடகடன்னு சத்தம் போட்டுச்சு, இன்னொண்ணு சத்தமே போடல. எட்டு வருசத்து டிசைன் போச்சு, அதைவிட பெரிய நஷ்டம் யார் யாரு எவ்வளவு பாக்கி தரணும்ங்கிற கணக்கு போனது. பாக்கி வச்சவன் எவனும் தானா வந்து ஞாபகப்படுத்த மாட்டான் பாத்துக்கிடுங்க.

இப்ப கவுண்டர்ல இருக்கிற மிஷின் அண்ணன் மகளுக்கு ஸ்கூல்ல கவர்மெண்ட் குடுத்த லேப்டாப்பு. 2011-ல ஆரம்பிச்ச அந்தத் திட்டத்துல வந்த லேப்டாப்புல விண்டோஸோட பாஸ்னு ஒரு லினக்ஸும் (விண்டோஸ் மாதிரி இன்னொரு சிஸ்டம், ஓபன் சோர்ஸ்) சேத்தே குடுத்தாங்க, சென்னையில சி-டாக்ங்கிற கவர்மெண்ட் நிறுவனம் டெபியன்னு ஒரு லினக்ஸை வச்சு செஞ்சது, நம்ம ஊர்ல அதைத் திறந்து பாத்த பிள்ளைங்களை விரல் விட்டு எண்ணிரலாம். அங்க களியக்காவிளை செக்போஸ்ட்டைத் தாண்டினா கேரளா ஸ்கூல்ல பிள்ளைங்க லினக்ஸ்லதான் படிக்குது. அது வேற வயித்தெரிச்சல், விடுங்க.

அந்த லேப்டாப்புல நான் போட்டது லினக்ஸும் இல்ல. ஹைக்கூன்னு ஒரு சிஸ்டம். மூணு வரிக் கவிதை இல்ல சார், ஆபரேட்டிங் சிஸ்டம், ஆனா பேரு அந்தக் கவிதையில இருந்துதான் வந்தது. தொண்ணூறுகள்ல பீன்னு ஒரு கம்பெனி பீஓஎஸ்னு ஒண்ணு விட்டாங்க, அதோட பிரவுசர்ல எரர் வந்தா ஹைக்கூ கவிதையாவே வரும். 2001-ல அந்தக் கம்பெனியை பாம்னு (Palm) இன்னொரு கம்பெனி வாங்கினதும் அதைப் புடிச்ச ஆளுங்க சேந்து முதல்ல இருந்து திரும்ப எழுத ஆரம்பிச்சாங்க, 2004-ல ஹைக்கூன்னு பேரு வச்சாங்க, முதல் பீட்டா வந்தது 2018-ல, அஞ்சாவது பீட்டா 2024-ல. அதாவது இன்னும் பீட்டாவுலயே இருக்கு. கொஞ்ச ரேம்ல பறக்கும், ஆன் பண்ணி சாயா கிளாஸைக் கையில எடுக்குறதுக்குள்ள டெஸ்க்டாப் வந்துரும். குறையும் இருக்கு. எங்க மிஷின்ல நிறைய புரோகிராம்ல தமிழ் கோர்வையா வராது, கொம்பு போய் எழுத்துக்குப் பின்னாடி நிக்கும். டிசைன் வேலைக்கு வேற மிஷின் இருக்குறதால எனக்கு அது பெரிய தொல்லை இல்ல, கஸ்டமர் பேரை இங்கிலீஷ்லயே அடிச்சு வச்சிருவேன்.

நான் இதை வச்சிக்கிட்டு இருக்குறதுக்கு ஒரே காரணம் கஸ்டமர் லிஸ்ட். இதைக் கொஞ்சம் விளக்கமாவே சொல்லணும், இல்லைன்னா அப்புறம் வர்றது புரியாது. ஹைக்கூவுல ஒரு ஆளோட விவரத்தைச் சேத்து வச்சா அது ஒரு ஃபைலா வரும். பேரு, போன் நம்பர், அட்ரஸ் எல்லாம் அந்த ஃபைலுக்கு உள்ள எழுதாது. ஃபைலோட ஒட்டிக்கிட்டு இருக்கிற ஆட்ரிப்யூட்ல எழுதும். கார்டு ஒண்ணை கவருக்குள்ள போட்டு, கவர் மேல அட்ரஸ் எழுதுறோம்ல, அது மாதிரி, இங்க கவருக்குள்ள கார்டே கிடையாது, எல்லாம் கவர் மேலதான். ஃபைல் சைஸ் பாத்தா 0 பைட்டு. நாமளே புதுசா ஆட்ரிப்யூட் சேத்துக்கலாம், நான் ஊரு, சர்ச், கல்யாணத் தேதி, பாக்கின்னு நாலு சேத்து வச்சிருக்கேன். ஃபோல்டரைத் திறந்தா எக்செல் மாதிரி ஒவ்வொண்ணுக்கும் ஒரு காலம் (column) போட்டு நிக்கும். பாக்கி 0-க்கு மேல இருக்கிறவன் யாருன்னு ஒரு தேடல் போட்டா அந்த நொடியில லிஸ்ட் வந்து விழும். அந்த ஒரு தேடலுக்காகவே இந்த மிஷினை நான் தலையில வச்சுக் கும்பிடலாம். இப்படி 612 பேர் இருக்காங்க, 612 ஃபைல், எல்லாம் சேத்து 0 பைட்டு.

ஆரம்பத்துல சனிக்கிழமை சாயங்காலம் ஜிப் போட்டு பென்டிரைவ்ல ஏத்திட்டு இருந்தேன். ஹைக்கூவுல வர்ற ஜிப்புக்கு இந்த ஆட்ரிப்யூட்டையும் சேத்து மடிச்சு வைக்கத் தெரியும், பீஓஎஸ் காலத்துலயே அதுல அந்த வசதியைச் சேத்தாச்சு. ஆனா கஸ்டமர் லிஸ்டோட புரூஃப் பிடிஎஃப், போட்டோ எல்லாம் சேந்து வளர வளர ஒவ்வொரு வாரமும் முழுசா மடிக்க வேண்டியதாச்சு, ஒரு நாள் ஜிப் 4 ஜிபியைத் தாண்டிச்சு, பென்டிரைவ் ஃபேட்32, அதுக்கு மேல ஒரே ஃபைலா ஏறாதுன்னு கை விரிச்சிடுச்சு. சரி, ஆர்சிங்க் போடலாம், மாறாத ஃபைலுக்கு ஹார்ட் லிங்க், அதாவது ஒரே ஃபைலுக்கு இன்னொரு பேரு, போட்டு தினமும் ஒரு ஃபோல்டர் எடுத்து வைக்குற முறை இருக்கே, லினக்ஸ் ஆளுங்க எல்லாம் அதைத்தான பண்றாங்கன்னு பாத்தா ஹைக்கூவோட ஃபைல் சிஸ்டத்துல ஹார்ட் லிங்க்கே கிடையாது. ரெஸ்டிக்னு ஒண்ணு நல்லதுன்னாங்க, அது கோன்னு (Go) ஒரு புரோகிராம் மொழியில எழுதினது, கோ மொழி அதிகாரப்பூர்வமா ஓடுற சிஸ்டம் லிஸ்ட்ல ஹைக்கூ இல்ல. கடைசியில போர்க்னு (Borg) ஒரு பேக்கப் சாஃப்ட்வேர்ல வந்து நின்னேன்.

போர்க் 2015-ல ஆட்டிக்னு இன்னொரு புராஜெக்ட்ல இருந்து பிரிஞ்சு வந்தது. பெரிய ஃபைலை சராசரியா 2 எம்பி அளவுல துண்டு துண்டா நறுக்கும், ஒரே துண்டு ரெண்டு இடத்துல இருந்தா ஒரு தடவைதான் சேத்து வைக்கும். நம்ம தொழிலுக்கு இது கொள்ளாம், ஏன்னா ஒரே அந்தோணியார் படம் நாப்பது கார்டு ஃபோல்டர்ல கிடக்கும். பெரும்பாலும் பைத்தான் மொழியில எழுதினது, கொஞ்சம் சி மொழி. லைசன்ஸ் பிஎஸ்டி, யாரும் யார்கிட்டயும் பெர்மிஷன் கேக்க வேண்டாம், சோர்ஸை எடுத்து நம்ம சிஸ்டத்துக்குத் தோதா மாத்திக்கலாம்.

இந்த மாத்துற சோலிக்குத்தான் போர்ட் பண்றதுன்னு பேரு. எனக்கு அதுல பாதிதான் தெரியும். மீதிப் பாதிக்கு எங்க அக்கா மவன், இஞ்சினியரிங் கடைசி வருசம் படிக்கிறவன். ஐப்பசி மழையில அவனுக்கு காலேஜ் லீவு விட்ட நாளா பாத்து ரெண்டு பேரும் உக்காந்தோம்.

முதல் நாள் கம்பைல், அதாவது சோர்ஸை மிஷின் ஓட்டுற புரோகிராமா மாத்துறது, ஆகவே இல்ல. எரர் எரரா கொட்டுது, அதுவும் ஒண்ணுமில்லாத இடத்துல எல்லாம் கொட்டுது. பையன் அரை மணி நேரம் ஸ்கிரீனையே முறைச்சிட்டு இருந்துட்டு, "மாமா, இது எந்தக் காலத்து கம்பைலர்னு பாத்தீங்களா"ன்னான். பாத்தா ஜிசிசி 2.95. அவன் பொறக்குறதுக்கு முன்னால, 1999-ல வந்தது. 32 பிட் ஹைக்கூவுல பழைய பீஓஎஸ் புரோகிராமும் ஓடணும்னு அந்தக் கம்பைலரைத்தான் முன்னால நிறுத்தி வச்சிருக்காங்க, புதுசு வேணும்னா கம்பைல் பண்றதுக்கு முன்னால செட்ஆர்ச்னு ஒரு கமாண்டு போட்டு மாத்திக்கணும். மாத்தினதும் பாதி எரர் போச்சு. மீதிப் பாதி லைப்ரரி, அதாவது எல்லா புரோகிராமும் பொதுவா கூப்பிட்டுக்குற ரெடிமேடு கோடு. நெட்வொர்க் ஃபங்ஷன் எல்லாம் லினக்ஸ்ல இருக்கிற இடத்துல இங்க இருக்காது, லிப்நெட்வொர்க்னு தனியா கூப்பிடணும், பிஎஸ்டின்னு இன்னொரு சிஸ்டத்துல இருந்து வந்த ஃபங்ஷனுக்கு லிப்பிஎஸ்டின்னு தனி. நம்ம ஊர்ல வீடு மாறிப் போனவனைத் தேடுற மாதிரிதான் சார், ஆள் இருக்கான், பழைய அட்ரஸ்ல இல்ல. மூணாவது நாள் ராத்திரி கம்பைல் ஆகி ஓடிடுச்சு. பேக்கப் எடுத்தோம், எந்தக் குறையும் சொல்லல. எடுத்தது சரியா இருக்கான்னு பாக்குற செக் கமாண்டு போட்டோம், எல்லாம் சரின்னுது. பையனுக்கு அப்பமும் கோழிக்கறியும் வாங்கிக் குடுத்தேன்.

மறுநாள் காலையில சும்மா ஒரு சோதனைக்கு, வேற ஒரு ஃபோல்டர்ல திரும்ப எடுத்துப் பாத்தேன்.

612 ஃபைலும் வந்துச்சு. பேரு சரி, தேதி சரி, ஒண்ணு கூட விடல. ஆனா எல்லா ஃபைலோட ஐக்கானும் மாறிக் கிடக்கு, ஆளோட அடையாளம் இருந்த இடத்துல வெறும் வெள்ளைத்தாள். டபுள் கிளிக் பண்ணினா எதுல திறக்கணும்னே அதுக்குத் தெரியல. ஊரு காலம் காலி, சர்ச் காலம் காலி, பாக்கி காலம் காலி. எனக்கு ஓக்கி மறுநாள் கடைக் கதவைத் திறந்த மாதிரி இருந்துச்சு. பையன் பதறாம, "இருங்க மாமா, செக்சம் பாப்போம்"னு, அதாவது ஃபைலுக்கு உள்ள இருக்கிறதை வச்சுக் கணக்குப் போட்டு எடுக்குற ஒரு நம்பரை வச்சு, ஒரிஜினலையும் திரும்ப வந்ததையும் ஒப்பிட்டுப் பாத்தான். ரெண்டும் ஒண்ணு! எப்படி ஒண்ணாகாம போகும், ஒரிஜினலும் 0 பைட்டு, வந்ததும் 0 பைட்டு, காலி கவரும் காலி கவரும் ஒண்ணுதான. 612 பேருக்கும் ஒரே செக்சம். ஒரு எரர் இல்ல, ஒரு வார்னிங் இல்ல, எல்லாப் பரிட்சையிலயும் நூத்துக்கு நூறு, ஆனா கஸ்டமர்ல ஒருத்தன் கூட உள்ள இல்ல.

சோர்ஸ்ல தேடினதும் காரணம் கிடைச்சுது. ஆட்ரிப்யூட் எடுக்குற வேலை ஒவ்வொரு சிஸ்டத்துலயும் ஒவ்வொரு மாதிரிங்கிறதால லினக்ஸுக்கு ஒரு ஃபைல், ஃப்ரீபிஎஸ்டிக்கு ஒரு ஃபைல், மேக்குக்கு ஒரு ஃபைல்னு தனித்தனியா எழுதி வச்சிருக்காங்க. இந்த மூணுலயும் சேராத சிஸ்டம்னா பொதுவான ஒரு ஃபைலுக்குப் போகும். என் கஸ்டமர் ஃபைல் ஒண்ணுல என்ன ஆட்ரிப்யூட் இருக்குன்னு கேட்டா அங்க இருந்து வர்ற பதில், காலி லிஸ்ட். இல்லைன்னுதான் சொல்லுது, எனக்குத் தெரியாதுன்னு சொல்லல. குத்தம் அவங்க மேல இல்ல சார், சத்தியமா இல்ல, அவங்க தெரிஞ்ச சிஸ்டத்துக்கு எழுதியிருக்காங்க, தெரியாத சிஸ்டத்துலயும் சும்மா ஓடட்டுமேன்னு ஒரு கதவைத் திறந்து விட்டிருக்காங்க, நான்தான் ஓடுறதை பாத்து மயங்கிட்டேன். ஒரு சாஃப்ட்வேர் நம்ம சிஸ்டத்துல ஓடுதுங்கிறதும் நம்ம சிஸ்டத்தை அது புரிஞ்சுக்கிட்டதுங்கிறதும் ரெண்டு விசயம்னு எனக்கு அன்னைக்குதான் உறைச்சது. வேற சாஃப்ட்வேர்னா ஓடலைன்னா உடனே தெரிஞ்சிரும், பாட்டு கேக்கலைன்னா கேக்கல. பேக்கப்ல மட்டும் தப்பு நடந்தது அது தேவைப்படுற அன்னைக்குத்தான் தெரியும், அன்னைக்கு ஒரிஜினல் கையில இருக்காது.

சரி, எப்படிச் சரி பண்ணினோம். ஹைக்கூவுல ஆட்ரிப்யூட் லிஸ்ட் எடுக்க, படிக்க, எழுத எல்லாத்துக்கும் தனி ஃபங்ஷன் இருக்கு. அதைக் கூப்பிடுற மாதிரி சியில ஒரு சின்ன ஃபைல் எழுதி, லினக்ஸ், மேக்கோட சேத்து ஹைக்கூன்னு நாலாவதா ஒட்டிட்டான் பையன். திரும்ப பேக்கப், திரும்ப ரீஸ்டோர். இப்ப பேரும் போன் நம்பரும் இருக்கு, ஆனா ஐக்கான் இன்னும் வெள்ளைத்தாள், பாக்கி காலத்துல நம்பர் வரல. லிஸ்ட்ஆட்டர்னு ஒரு கமாண்டு இருக்கு, ஆட்ரிப்யூட்டை எல்லாம் வரிசையா காட்டும், அதைப் போட்டு ஒரிஜினலையும் இதையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா அப்ப தெரியுது, ஹைக்கூவுல ஒரு ஆட்ரிப்யூட்டுக்கு பேரு, மதிப்பு மட்டும் இல்ல, வகைன்னு மூணாவதா ஒண்ணு இருக்கு. இது எழுத்து, இது நம்பர், இது ஃபைல் என்ன ஜாதின்னு சொல்ற வகை. லினக்ஸ்ல அந்த மூணாவது கிடையாது, அதனால போர்க்ல அதை வைக்க எடமே இல்ல. போர்க் வச்சிக்கிறது பேரும் மதிப்பும்தான். பையன் வகையைத் தனியா வைக்க வழியில்லாம, மதிப்புக்கு முன்னால நாலு பைட்டு சேத்து அதுல வகையை எழுதி வச்சான், திரும்ப எடுக்கும்போது முதல் நாலு பைட்டை வகைன்னும் மீதியை மதிப்புன்னும் பிரிச்சுக்கிறது. கேக்க சாதாரணமா இருக்கு. அன்னைக்கு ராத்திரி அது மண்டையில உதிச்சப்ப அவன் நாற்காலியில இருந்து எழும்பி நடந்துட்டே இருந்தான்.

ஐக்கான் வந்துச்சு. பாக்கி காலத்துல நம்பர் வந்துச்சு. நான் உடனே சந்தோசப்படல, ஒரு தடவை சூடு பட்டாச்சே. புதுசா ஒரு ஹார்ட் டிஸ்க்கை ஹைக்கூவுல ஃபார்மேட் பண்ணி, கடை எரிஞ்சு போச்சுன்னே வச்சுக்கிட்டு, அதுல முழுசா திரும்ப எடுத்து, பாக்கி 0-க்கு மேலன்னு தேடலைப் போட்டேன். ஒருத்தனும் வரல. காலத்துல கண்ணுக்கு முன்னால 450-ன்னு நிக்குது, தேடினா இல்லங்குது! கடைசியில பாத்தா, தேடல் ஓடுறதுக்கு அந்த டிஸ்க்ல இண்டெக்ஸ்னு ஒண்ணு, புத்தகத்துக்குப் பின்னாடி வர்ற அட்டவணை மாதிரி, இருக்கணும், அது ஒவ்வொரு டிஸ்க்குக்கும் தனி, எந்த ஃபைலோடயும் ஒட்டிக்கிட்டு வராது. புது டிஸ்க்குக்கு ஃபைல் பேரு, சைஸ், தேதி இண்டெக்ஸ் மட்டும்தான் தெரியும், என்னோட பாக்கியைப் பத்தி அதுக்கு என்ன தெரியும்? அதோட இண்டெக்ஸ் போடுறதுக்கு முன்னால எழுதின ஆட்ரிப்யூட்டை இண்டெக்ஸ் தானா சேத்துக்காது. அதனால இப்ப பேக்கப் எடுக்குறதுக்கு முன்னால இண்டெக்ஸ் லிஸ்டை ஒரு டெக்ஸ்ட் ஃபைல்ல எழுதி அதையும் சேத்தே உள்ள தள்ளுறோம், ரீஸ்டோர் பண்ணும்போது முதல்ல அதைப் பாத்து இண்டெக்ஸை உண்டாக்கிட்டு பொறவு ஃபைலைக் கொண்டு வர்றது. மறந்து போனா ரீஇண்டெக்ஸ்னு ஒரு கமாண்டு இருக்கு, கொஞ்ச நேரம் ஓடும், சரியாயிரும்.

இதுக்கு நடுவுல இன்னொரு சின்ன விசயம், உங்க பேப்பர் படிக்கிற டிடிபி காரங்களுக்குப் பயன்படும். விண்டோஸ்ல இருந்து தமிழ்ப் பேரு வச்ச ஃபோல்டரை லினக்ஸுக்கோ ஹைக்கூவுக்கோ கொண்டு வந்தா சிலது வர மாட்டேங்கும். அங்க ஒரு பேருக்கு 255 பைட்டு வரைக்கும்தான் இடம், தமிழ்ல ஒரு எழுத்துக்கு 3 பைட்டு, கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனியா 3. அதாவது 85-க்கு மேல போகாது. விண்டோஸ்ல எழுத்துக் கணக்குல 255 வரைக்கும் விடும். மணமக்கள் பேரு, அப்பா பேரு, ஊரு, சர்ச், தேதின்னு எல்லாத்தையும் ஃபோல்டர் பேருலயே எழுதி வைக்குறவங்க என்னை மாதிரி மாட்டுவாங்க.

இப்ப தினமும் ராத்திரி கடையில இருக்குற டிஸ்க்குல ஒண்ணு, வாரத்துக்கு ஒண்ணு தக்கலையில தங்கச்சி வீட்டுல கிடக்குற டெபியன் போட்ட பழைய மிஷினுக்கு நெட் வழியா. அங்கயும் போர்க் இருந்தா போதும். மேசையிலயும் டிராயர்லயும் வச்சு ஏமாந்தது போதும்ல. பேக்கப்பைப் பூட்டி வச்சிருக்கிற பாஸ்வேர்டு தொலைஞ்சா ஆண்டவனே வந்தாலும் திறக்க முடியாது, அதனால அதை ஒரு தாள்ல எழுதி அம்மா பீரோவுல நகைப் பெட்டிக்குள்ள வச்சிருக்கேன், எங்க வீட்டுல அதைவிட பத்திரமான இடம் கிடையாது.

இனி என் மனத்தாங்கல். பையன் இதைத்தான் கடைசி வருசப் புராஜெக்ட்டா குடுக்கலாம்னு போனான். காலேஜ் பேரு வேண்டாம். அங்க இருந்த சார், போர்ட்டிங் எல்லாம் ஒரு புராஜெக்ட்டா, அடுத்தவன் எழுதினதை ஓட வைக்குறதுல உன் வேலை என்ன இருக்கு, ஏஐ வச்சு ஏதாவது பண்ணிட்டு வான்னு அனுப்பிட்டார். அவன் கூட படிக்கிற ரெண்டு பேர் காசு குடுத்து ரெடிமேடா வாங்கின புராஜெக்ட்டை, மூஞ்சியைப் பாத்து அட்டென்டன்ஸ் போடுறதுன்னு ஏதோ, எந்தக் கேள்வியும் இல்லாம வச்சிட்டாங்க. அந்தப் புராஜெக்ட்டுக்கு பைண்டிங் பண்ணிக் குடுத்தது நம்ம கடைதான், அதனால எனக்கு நல்லாத் தெரியும், உள்ள பாதிப் பக்கம் வேற காலேஜ் பேரோட இருந்துச்சு, நான்தான் சொல்லி மாத்த வச்சேன்.

அடுத்தவன் கோடுதான், ஒத்துக்கிறேன். ஆனா அந்தப் பத்துப் பன்னிரண்டு நாள்ல கம்பைலர்னா என்ன, லைப்ரரி எப்படி ஒட்டுது, ஃபைல் சிஸ்டத்துக்குள்ள என்ன நடக்குது, நம்பரை பைட்டா எப்படி அடுக்குறதுன்னு அவன் படிச்சது நாலு வருசத்துல படிக்காதது. அவனே சொன்னான், நான் சேத்துச் சொல்லல. நம்ம மாவட்டத்துல சுங்கான்கடையில இருந்து மார்த்தாண்டம் வரைக்கும் எத்தனை இஞ்சினியரிங் காலேஜ், பஸ்ல போனா ஜன்னல் வழியாவே எண்ணிட்டு வரலாம். அந்தப் பிள்ளைங்க கையில ஓபன் சோர்ஸ் சாஃப்ட்வேர் ஒண்ணைக் குடுத்து, இந்த சிஸ்டத்துல இதை ஓட வை, ஓடுதுன்னு சொல்லாத, இழந்ததைத் திரும்ப எடுத்துக் காட்டுன்னு சொன்னா அதைக் காசு குடுத்து வாங்கிட்டு வர முடியாது. எதைக் கேட்டா மாட்டுவான்னு சாருக்கும் தெரிஞ்சிரும்.

பையன் எழுதினதை போர்க் ஆளுங்களுக்கு இன்னும் அனுப்பல. சும்மா ஓடுதுன்னு அனுப்பினா எடுத்துக்க மாட்டாங்க, எடுத்துக்கவும் கூடாது, ஏன்னா நாளைக்கு அவங்க ஏதாவது மாத்தும்போது இது உடைஞ்சா யாரு பாக்குறது? அதுக்கு டெஸ்ட் எழுதணும். 0 பைட்டு ஃபைல் ஒண்ணு உண்டாக்கி, வகையோட ஆட்ரிப்யூட் போட்டு, பேக்கப் எடுத்து, அழிச்சு, திரும்ப எடுத்து, வகை உட்பட எல்லாம் வந்துச்சான்னு தானா பாக்குற டெஸ்ட். பாதி எழுதியாச்சு. மீதி அவன் பரிட்சை முடிஞ்சு.

உங்ககிட்ட நான் கேக்குறது ரெண்டே விசயம். மத்த சிஸ்டத்துக்கு பேக்கப் சாஃப்ட்வேர் கிடையாதுன்னு போட்டதுக்கு அதே பக்கத்துல ஒரு திருத்தம் போடுங்க, ஏன்னா கட்டுரை வந்த மறுநாளே எங்க தெருவுல ஒருத்தர் நல்லா ஓடிட்டு இருந்த லேப்டாப்பை தூக்கிட்டு பழைய இரும்புக்கடைக்குக் கிளம்பிட்டார், நான் வழி மறிச்சு வாங்கி வச்சிருக்கேன், இப்ப அது என் கடை பெஞ்சுக்கு அடியில கிடக்கு. ரெண்டாவது, அடுத்து எந்த பேக்கப் சாஃப்ட்வேர் பத்தி எழுதினாலும், விண்டோஸா இருந்தாலும் சரி, திரும்ப எடுத்துப் பாத்துட்டு எழுதச் சொல்லுங்க.

கட்டுரை எழுதின தம்பி இந்தப் பக்கம் வந்தா கடைக்கு வரட்டும், மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல கூட்டம் இருக்காது. மரச்சீனியும் மீன்கறியும் தாரேன். கஸ்டமர் லிஸ்ட்ல எந்த ஃபைலை வேணும்னாலும் அவர் கையாலயே அழிக்கட்டும், அவர் கையாலயே திரும்ப எடுக்கட்டும். பாக்கி அதிகமா இருக்கிற ஃபைலை மட்டும் தொட வேண்டாம்.

இப்படிக்கு,
உங்க வாசகன், டிடிபி கடைக்காரன்,
கருங்கல் பக்கம், கன்னியாகுமரி மாவட்டம்.